காதுக்குப் பிடிக்காத பாட்டு

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே புறப்படுகிறவர், முத்தியாலுப்பேட்டையைத் தாண்டியதும், ஊர் மாறியதே தெரியாமல் கோட்டக்குப்பத்துக்குள் வந்துவிடுகிறார். 1954-ஆம் வருஷம் வரையில் நிலைமை வேறு. அங்கே இரண்டு ராஜாங்கங்களின் எல்லை இருந்தது. தெற்கே பிரெஞ்சுக்காரர் ஆட்சி. வடக்கே முதலில் பிரிட்டிஷார் ஆட்சி, பிறகு சுதந்திர இந்தியாவின் ஆட்சி. அந்த எல்லையைக் கடந்த சரக்குக்குச் சுங்கம் உண்டு. பாட்டுக்கு மாத்திரம் எந்த நாளும் சுங்கம் இருந்ததில்லை. கடற்காற்று எந்தப் பக்கம் அடித்ததோ அந்தப் பக்கம் அது போயிற்று.

அண்மையில் ஒரு மாலை நாம் அவ்வூர்த் தேநீர்க் கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தோம். மூன்று திக்கிலிருந்து மூன்று விதமான பாட்டு வந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு கலியாண வீட்டில் நாகூர் ஹனீபாவின் கணீரென்ற குரல். கடலோரக் குப்பத்து அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் கானாப் பாட்டு. நம் எதிரே அமர்ந்திருந்த ஒரு பெரியவரின் கைப்பேசியில், பழைய கச்சேரி ஒன்றின் தோடி ராக ஆலாபனை.

பெரியவர் குப்பத்துத் திசையைக் காட்டி, “இதெல்லாம் ஒரு பாட்டா? டப்பாவைத் தட்டுகிற சத்தம். போடுகிறவனுக்கும் காதில்லை, கேட்கிறவனுக்கும் காதில்லை” என்றார். பக்கத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்த வாலிபர் ஒருவர் திரும்பினார். “ஐயா, உங்க பாட்டை இப்ப யாரு கேக்கறாங்க? ஒரே எழுத்தை அரை மணி நேரம் இழுக்கறாங்க. எங்களுக்குத் தூக்கந்தான் வருது” என்றார். சண்டை வளரவில்லை. கடைக்காரப் பாய் இருவருக்கும் பொதுவாகச் சிரித்துவைத்தார். பெரியவர் காசைக் கொடுத்துவிட்டு எழுந்து போனார். வாலிபரும் போனார்.

உண்மையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். நாம் மனத்துக்குள் பெரியவர் கட்சி. கானாப் பாட்டு நம் காதுக்குப் பிடிப்பதில்லை. பிடிக்காமற்போவது குற்றமன்று. பாகற்காய் பிடிக்காதவனை யாரும் தண்டிப்பதில்லை. ஆனால் அந்தப் பெரியவர், ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று சொல்லவில்லை. ‘இது பாட்டே அன்று’ என்றார். வாலிபரும், ‘எனக்கு ருசிக்கவில்லை’ என்று சொல்லவில்லை. ‘உங்கள் பாட்டைக் கேட்பாரே இல்லை’ என்றார். ஒன்று தம் நாக்கைப் பற்றிய வாக்குமூலம். மற்றொன்று பிறருடைய சோற்றைப் பற்றிய தீர்ப்பு. இந்தத் தீர்ப்பு தேநீர்க் கடையோடு நின்றுவிட்டால் பாதகமில்லை. அது ராஜாங்கத்துக்கும், சபைக்கும், திருவிழாக் கமிட்டிக்கும் ஏறிப் போகும்பொழுது என்ன நேருகிறது என்பதையே நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

நெய்தலுக்கும் ஒரு பறை

தமிழர் இந்த விஷயத்தில் பிறரிடம் பாடம் கேட்க வேண்டியதில்லை. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்பொழுது, தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் இவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணுகிறார். பின்வந்த இலக்கணக்காரர்கள் அவற்றுக்குப் பெயரும் கொடுத்தார்கள். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, பாலைக்குத் துடி, கடற்கரையாகிய நெய்தலுக்கு மீன்கோட்பறை. மலையிலிருப்பவன் பறை உயர்ந்தது, மீன் பிடிக்கிறவன் பறை தாழ்ந்தது என்று அங்கே ஒரு சொல் இல்லை. நிலம் உண்டென்றால் அதற்கு ஓசை உண்டு. இவ்வளவே அவர்கள் கணக்கு. மாங்குடி கிழார் பாடிய புறப்பாட்டு ஒன்று (புறநானூறு 335), துடியனையும் பாணனையும் பறையனையும் கடம்பனையும் சிறந்த குடிகளாகப் பெயர் சொல்லிப் போற்றுகிறது. பெயர்களில் மூன்று வாத்தியத்தாலும் இசையாலும் அமைந்தவை. பின்னாளில் அந்தப் பெயர்களில் ஒன்றை இந்தச் சமூகம் என்ன பாடு படுத்திற்று என்பதை நினைத்தால் வெட்கம் மேலிடுகிறது.

கோட்டக்குப்பத்துக்கு வடக்கே அதே கடற்கரையில் உள்ளது உப்பளங்களுக்குப் பேர் போன மரக்காணம். அந்தப் பக்கமே சங்ககால எயிற்பட்டினம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், ஓய்மானாட்டு நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணன் தன் சிறிய யாழோடு இக்கரை வழியாகத்தான் போகிறான். நுளையர் மகள் வடித்த தேறலையும் சுட்ட குழல்மீனையும் கொடுத்துப் பரதவர் அவனை உபசரிப்பார்கள் என்கிறது பாட்டு. வந்தவன் பாடுகிறவன் என்பது அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது.

அத்தனை பழங்காலத்துக்குப் போவானேன்? 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாசம் செய்த பாரதியார், குயில் பாட்டை அங்கேதான் எழுதினார். கோட்டக்குப்பத்துக்கு அடுத்தாற்போலுள்ள கருவடிக்குப்பத்து மாந்தோப்பைத்தான் அந்தக் குயிலின் இருப்பிடமாக இன்றும் ஜனங்கள் காட்டுகிறார்கள். தம் உள்ளத்தைப் பறிகொடுத்த பாட்டுக்களை அதில் அவர் வரிசையாகச் சொல்லும்போது, ஏற்றம் இறைப்பவன் பாட்டும், நெல் இடிக்கும் பெண்கள் பாட்டும், சுண்ணாம்பு இடிப்பவர்கள் பாட்டும், கும்மியும் வருகின்றன. குழலும் வீணையும் அதே வரிசையில் வருகின்றன. அவருக்குக் காது மழுங்கியிருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ‘சங்கீத விஷயம்’ என்ற கட்டுரையில், பாடியதையே பாடும் கச்சேரி வித்வான்களை அவர் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். கண்டிப்பும் மதிப்பும் ஒரே காதில் குடியிருக்க முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

ஆர்மோனியத்தின் மீது போட்ட விலங்கு

வெறுப்பு சட்டமானால் என்ன ஆகும் என்பதற்கு நம் தேச சரித்திரத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1940-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் முதல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியம் வாசிக்கக் கூடாதென்று தடை விதிக்கப்பட்டது. தடை போட்டவர்களும் ஆதரித்தவர்களும் அறிவீனர்கள் அல்லர். ரவீந்திரநாத் தாகூருக்கே அந்தப் பெட்டியைக் கண்டால் ஆகாது. ஆர்மோனியத்தின் ஸ்வரங்கள் கட்டையில் அடித்து வைத்தாற்போல நிலையானவை. ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம் அதில் வராது. நுட்பமான சுருதி பேதங்கள் அதில் பிடிபடா. போதாக்குறைக்கு அது ஐரோப்பாவிலிருந்து வந்த சரக்கு. இவையே அவர்கள் சொன்ன காரணங்கள். முதல் இரண்டும் உண்மை. நாமும் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் மூன்றாவதைப் பாருங்கள். பிடிலும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதானே? முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் அதைக் கற்று நம் சங்கீதத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். இன்று பிடில் இல்லாத கச்சேரியை நினைக்க முடிகிறதா? பின்னாளில் உ. ஸ்ரீநிவாஸ் மாண்டலினை எடுத்தார். கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனை எடுத்தார். அவற்றையும் கண்டு முகஞ்சுளித்தவர்கள் இருந்தார்கள். பிறகு அவர்களே தலையாட்டினார்கள். வந்த இடம் எது என்பதன்று கேள்வி. யார் கையில் அது இருக்கிறது என்பதே பல சமயம் கேள்வியாக இருக்கிறது. ஆர்மோனியம் யார் கையில் இருந்தது? நாடகக் கம்பெனியில், தெருக்கூத்தில், பஜனை மடத்தில், தர்காவின் கவாலியில், சீக்கியர் குருத்வாராவில் இருந்தது. ஏழைகளின் கைக்கு எட்டும் விலையில், தனியாக உட்கார்ந்து பாடுகிறவனுக்கும் துணையாக நின்ற பெட்டி அது. தடையால் வானொலி வித்வான்களின் காது சுத்தமாயிற்றோ என்னவோ, பெட்டி வாசித்துப் பிழைத்தவர்களின் ஒரு வாசல் அடைபட்டது. அந்தத் தடை ஏறக்குறைய முப்பது வருஷங்கள் நீடித்து, 1970-களின் தொடக்கத்தில்தான் தளர்ந்தது. வெள்ளைக்காரன் போன பிறகும் அவன் காலத்துத் தடை போகவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆர்மோனியமோ சாகவில்லை. இன்றும் நம் ஜில்லாக் கூத்து மேடைகளில் அதுதான் நடுநாயகமாக அமர்ந்திருக்கிறது.

சினிமாப் பாட்டு கடல் கடந்த கதை

அடுத்த கதை 1952-இல் ஆரம்பமாகிறது. அந்த வருஷம் மத்திய சர்க்காரில் செய்தி, ஒலிபரப்பு மந்திரியாக வந்தவர் பி. வி. கேஸ்கர். சாஸ்திரீய சங்கீதத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். அடிமைத்தனத்தில் நலிந்த நம் சங்கீதத்தைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்பது அவருடைய நோக்கம். அந்த நோக்கத்தில் குறை காண இடமில்லை. வானொலி வாயிலாக எத்தனையோ வித்வான்களுக்கு ஆதரவு கிடைத்ததும் மெய். ஆனால் அதோடு அவர் நிற்கவில்லை. சினிமாப் பாட்டு ஜனங்களின் ருசியைக் கெடுக்கிறதென்று கருதி வானொலியில் அதன் நேரத்தைக் குறுக்கினார். படத் தயாரிப்பாளர்களோடு தகராறு முற்றி, அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய இல்லாமலே போயிற்று.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? மந்திரியிடம் மகஜர் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. பெட்டியின் முள்ளைத் திருப்பினார்கள், அவ்வளவுதான். அங்கே இலங்கை வானொலி காத்துக்கொண்டிருந்தது. 1952 கடைசியில் அது தொடங்கிய பினாகா கீத்மாலா என்ற நிகழ்ச்சிக்கு வடநாடு முழுவதும் காது கொடுத்தது. நம் தமிழ்நாட்டிலும் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைதான் பல காலம் தேநீர்க் கடைகளின் துணைவனாக இருந்தது. இந்தியாவில் எழுதி, இந்தியாவில் இசையமைத்து, இந்தியர் பாடிய பாட்டை இந்தியர் கேட்க அயல்நாட்டுக்குக் காது நீட்ட வேண்டியதாயிற்று. கடைசியில் 1957-ஆம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதி ‘விவித் பாரதி’யைத் தொடங்கி, ராஜாங்கம் தன் தோல்வியை ஒப்புக்கொண்டது. கேஸ்கர் தம் அன்புக்குரிய சங்கீதத்துக்கு நேரம் கொடுத்தது அதை வளர்த்தது. பிறருடைய பாட்டுக்கு நேரத்தை மறுத்தது எதையும் வளர்க்கவில்லை. உயர்ந்ததை ஊட்டலாம், வேறொன்றைப் பிடுங்கி ஊட்ட முடியாது.

தேசபக்தர்களின் பழைய கடன்

தேசியவாதிகளாகிய நாம் இவ்விஷயத்தில் தனிப்படப் பட்டிருக்கும் கடனையும் மறக்கலாகாது. சுதந்திர உணர்ச்சியைப் பட்டிக்காடுகளுக்கு எடுத்துச் சென்றது எந்தச் சங்கீதம்? 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது கூடவே நடந்த சங்கீத மாநாட்டிலிருந்துதான், மறு வருஷம் சென்னை சங்கீத வித்வத் சபை பிறந்தது. அது பெருமைக்குரிய சரித்திரம். ஆனால் உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு ஆள் சேர்த்தது சபா மேடையன்று. மேல்தர ரஸிகர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்ட ஸ்பெஷல் நாடக மேடை அது. கே. பி. சுந்தராம்பாளின் குரல் காங்கிரஸ் கூட்டங்களில் ஒலித்தது. மதுரகவி பாஸ்கரதாஸின் பாட்டில் வந்த வெள்ளைக் கொக்கு யாரென்பது, எழுத்தறியாத கிழவிக்கும் தெரிந்திருந்தது, போலீஸாருக்கும் தெரிந்திருந்தது. அதைப் பாடிய விசுவநாததாஸ் பல முறை சிறை சென்றார். நாவிதர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு ஜோடியாக நடிக்க மறுத்த நடிகைகளும் உண்டு. 1940-ஆம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி, சென்னையில் முருகன் வேஷத்தில் மேடையில் இருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. ‘நாடகப் பாட்டு கொச்சை’ என்று அன்று தள்ளியவர்கள், அந்தக் கொச்சைப் பாட்டு தேடித் தந்த சுதந்திரத்தை மாத்திரம் தள்ளவில்லை.

தமிழிசை விவகாரமும் நேயர்களுக்கு நினைவிருக்கும். கச்சேரியில் தெலுங்கும் ஸம்ஸ்கிருதமும் முற்பகுதி முழுவதையும் எடுத்துக்கொள்ள, தமிழ்ப் பாட்டுக்குக் கடைசியில் ‘துக்கடா’ என்ற மூலை கிடைத்தது. 1941-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. ராஜாஜியும், டி. கே. சி.யும், கல்கியும் ஆதரித்தார்கள். எதிர்த்தவர்கள், ‘சங்கீதத்துக்குப் பாஷை ஏது?’ என்று கேட்டார்கள். பாஷை இல்லையென்றால் தமிழ் மாத்திரம் ஏன் வாசலில் நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு அவர்களிடம் நேரான பதில் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த இயக்கத்தில் நியாயம் தமிழின் பக்கம் இருந்தது. ஆயினும், திருவையாற்றில் காவேரிக் கரையில் வாழ்ந்து மறைந்த தியாகராஜரை அந்நியர் போலப் பேசிய தமிழன்பர்களும் உண்டு. அவமதிக்கப்பட்டவன் நிமிர்ந்தவுடன் இன்னொருவனை அவமதிக்கப் பார்ப்பது மனித சுபாவம் போலும்.

தலைகீழான கர்வம்

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இக்காலத்தில் கர்வம் சபா ரஸிகர்களிடம் மாத்திரம் இல்லை. தோடியைக் கேட்டவுடன் ‘மேல்ஜாதிப் பாட்டு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்களும் அதே தவற்றைச் செய்கிறார்கள். சபாக்களில் ஜாதியின் ஆதிக்கம் இருந்தது, இருக்கிறது. அதைக் கண்டிப்பது கடமை. அதற்காக ராகத்தைத் தண்டிப்பானேன்? நாகஸ்வரத்தில் தோடியைக் கரை கடந்து ஓடவிட்ட டி. என். ராஜரத்தினம் பிள்ளை எந்தச் சபா கனவானுக்கும் பிள்ளையல்லர். நாகஸ்வரக்காரர் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும், மேடையில் உட்காரலாகாது என்றிருந்த வழக்கத்தை எதிர்த்து உட்கார்ந்து வாசித்தவர் அவர். ஆந்திரத்துக் கரவதியில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறிய ஷேக் சின்ன மௌலானா, ஐந்து வேளை தொழுகை வழுவாத முஸ்லிம். அவருடைய நாகஸ்வரத்தில் வராத கீர்த்தனை இல்லை. 1998-இல் சங்கீத கலாநிதி பட்டம் அவரைத் தேடி வந்தது. இவர்கள் சொத்தை யாருக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு, ‘எங்களுக்கு வேண்டாம்’ என்பது புத்திசாலித்தனமா?

சினிமா ரஸிகர்களின் விஷயமோ இன்னும் வேடிக்கை. விஸ்வநாதன் கட்சிக்காரருக்கு இளையராஜா இரைச்சல். இளையராஜா கட்சிக்காரருக்கு ரஹ்மான் இயந்திரம். ரஹ்மான் கட்சிக்காரருக்கு இன்றைய பிள்ளைகளின் பாட்டு குப்பை. ஒவ்வொருவருக்கும் தாம் வாலிபராயிருந்த வருஷத்தோடு சங்கீதம் முடிந்துவிட்டது.

தோலும் மனிதரும்

ஒரு சங்கீதத்தை இகழ்கிறவர் ஓசையை மாத்திரம் இகழ்வதாக எண்ணிக்கொள்கிறார். அந்த ஓசைக்குப் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். சபா மேடையில் பூஜித்து வைக்கும் மிருதங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் இல்லாமல் அது பேசாது. அந்தத் தோலைப் பதம் பார்த்து வார்பிடித்துக் கட்டுகிறவர்களில் பலர் தலித் கிறிஸ்தவர்கள். அப்படிப்பட்ட செபாஸ்டியன் குடும்பத்தாரின் பெயரிலேயே டி. எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு புத்தகம் வெளியிட்ட பிறகுதான் பல ரஸிகர்களுக்கு அவர்கள் இருப்பதே தெரிந்தது. நாதம் வேண்டும், நாதத்தைக் கட்டினவன் வேண்டாம் என்ற மனப்பான்மை எத்தனை காலம் நடந்தது!

பறையின் கதையும் அதுவே. சாவு வீட்டில் அடிக்க வேண்டுமென்ற கட்டாயத்தால் அது இழிவின் அடையாளமாக்கப்பட்டது. அந்த இழிவு வேண்டாமென்று பறையையே கீழே வைத்துவிட்ட ஊர்கள் உண்டு. அவர்கள் செய்தது சுயமரியாதை. இன்று அதே பறையைத் தம் இஷ்டத்தின்பேரில் கையில் எடுத்து ஆடுகிறவர்களும் உண்டு, இதுவும் சுயமரியாதை. 2025-இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பறையை மதிப்பது வேறு, பறையடிக்கும்படி ஒருவனைக் கட்டாயப்படுத்துவது வேறு என்பதை இங்கே பிரித்தறிய வேண்டும்.

நாம் விரும்பாத கானாவுக்கும் வேர் இருக்கிறது. வடசென்னையின் துறைமுகக் கூலிகளும் ரிக்ஷாக்காரர்களும் இழவு வீட்டில் இரவைக் கழிக்கப் பாடியது அது. குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களோடும் சித்தர் பாடல்களோடும் அதற்கு உறவு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கோட்டக்குப்பத்துக் கலியாண வீட்டுப் பாட்டும், குப்பத்து ஒலிபெருக்கிப் பாட்டும் ஏதோ ஒரு தலைமுறையில் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தவையாக இருக்கலாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் கானா நமக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ‘டப்பா சத்தம்’ என்று சொல்ல வாய் வரவில்லை.

அப்படியானால் நல்லது கெட்டது இல்லையா?

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். ‘எல்லாவற்றையும் மதிக்க வேண்டுமென்றால் நல்ல சங்கீதம், கெட்ட சங்கீதம் என்ற பேதமே இல்லையா? விமரிசனமே கூடாதா?’ என்று அன்பர்கள் கேட்பார்கள். பேதம் உண்டு, விமரிசனம் வேண்டும். ஆனால் கூத்தைக் கூத்தின் அளவுகோலால் அளக்க வேண்டும்; கச்சேரியைக் கச்சேரியின் அளவுகோலால் அளக்க வேண்டும். உப்பளத்தில் நெல் விளையவில்லை என்று குறை சொல்வது விமரிசனமாகாது. திறந்தவெளியில் ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி உச்சஸ்தாயியில் பாட வேண்டிய கூத்துக்காரரிடம், நான்கு சுவருக்குள் பாடும் வித்வானின் மென்மையைத் தேடுவது அறியாமை. நல்ல கூத்துக்கும் மட்டமான கூத்துக்கும் உள்ள பேதம், கூத்துப் பார்த்துப் பழகியவனுக்குத் தெரியும். அவனிடம் கேட்போம்.

பாட்டில் ஆபாசம் இருந்தால் அந்த வரியைக் கண்டிக்கலாம். பெண்ணை இழிவு செய்யும் பாட்டு எந்த ராகத்தில் வந்தாலும் கண்டிக்கலாம். ஆனால் அந்த வரிக்காக அந்த வகை முழுவதையும் ஊரை விட்டுத் தள்ளிவைப்பது நீதியன்று. இரைச்சலைப் பற்றியோ கேள்வியே வேண்டாம். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாதென்று 2000-ஆம் வருஷத்து விதிகள் இருக்கின்றன. விசேஷ நாட்களுக்கு விலக்கு வேண்டுமென்றால் சர்க்கார்தான் கொடுக்க வேண்டும். விதி எல்லார் ஒலிபெருக்கிக்கும் ஒன்றே. பஜனைக்கு ஒரு நியாயம், கானாவுக்கு ஒரு நியாயம் என்று நடத்தாதவரையில் அதைப் பற்றி யாருக்கும் புகார் இருக்கலாகாது.

நம்முடைய குற்றம்

பிறருக்குப் புத்தி சொல்லிவிட்டு நம் கணக்கை மறைப்பது தகாது. சில வருஷங்களுக்கு முன் ஓர் ஊர்த் திருவிழாக் கமிட்டியில் நாமும் அங்கத்தினராயிருந்தோம். முதல் நாள் கச்சேரி. மறுநாள் இரவு வழக்கமான கூத்து. வசூல் குறைந்துவிட்டது. எதை நிறுத்துவது என்ற கேள்வி வந்தபோது, ‘கூத்தை நிறுத்துவோம், இரவெல்லாம் கத்துகிறார்கள், யார் கேட்கிறார்கள்?’ என்று முதலில் சொன்னவர்கள் நாமே. படித்தவர் சொல்லென்று மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள். அதுவரை ஒரு கூத்தையாவது நாம் விடியுமட்டும் உட்கார்ந்து பார்த்ததில்லை என்பதை அங்கே யாரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கூத்து வாத்தியார் வந்தார். வாய்ச்சொல்லை நம்பி, அதே தேதியில் வேறோர் ஊர் கேட்டதை விட்டுவிட்டிருந்தார். “பதினைஞ்சு பேருங்க ஐயா. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்” என்றார். கோபித்துக்கொள்ளவில்லை. ஆர்மோனியப் பெட்டியைப் பழுது பார்க்கக் கொடுத்திருப்பதாகவும், அந்தக் கூலியை இந்த ஊர்ப் பணத்தில் கொடுப்பதாக இருந்ததாகவும் சொன்னார். பிறகு கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். கச்சேரி நடந்தது. நன்றாகவே நடந்தது. வந்திருந்தவர்களை எண்ணிவிடலாம். வயற்காட்டிலிருந்தும் உப்பளத்திலிருந்தும் கூத்துக்கென்று வருஷந்தோறும் பாயோடும் பிள்ளைகுட்டிகளோடும் வந்து உட்காருகிறவர்கள் அந்த வருஷம் வரவில்லை. ‘யார் கேட்கிறார்கள்?’ என்று நாம் கேட்ட கேள்விக்குக் காலியாகக் கிடந்த மைதானம் பதில் சொல்லிற்று.

வானொலியில் ஆர்மோனியத்தைத் தடுத்தவர்களையும், சினிமாப் பாட்டைக் கடல் தாண்ட வைத்த மந்திரியையும் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவர்கள் கையில் தேசத்தின் வானொலி இருந்தது. நம் கையில் ஒரு கமிட்டியின் ஒரு வோட்டு இருந்தது. கிடைத்த அதிகாரத்தின் அளவில்தான் வித்தியாசம். செய்த காரியம் ஒன்றே.

ஆகவே சபாக்களிலும், கோயில் கமிட்டிகளிலும், பள்ளிக்கூட விழாக்களிலும், கட்சி மாநாடுகளிலும் பொறுப்பு வகிக்கும் அன்பர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுதான். உங்களுக்குப் பிடித்ததைத் தாராளமாகப் போற்றுங்கள். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றும் சொல்லுங்கள். ஆனால் மேடையையும் பணத்தையும் பங்கிடும்பொழுது உங்கள் காதை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். எந்தப் பாட்டை நிறுத்தச் சொல்கிறீர்களோ அதை ஒரு முறையாவது, அதைக் கேட்கிறவர்கள் நடுவில் உட்கார்ந்து, கடைசி வரை கேட்டுவிட்டுப் பிறகு சொல்லுங்கள்.

இந்தப் பங்குனிக்குப் பிறகு திரௌபதியம்மன் கோயில்களில் கூத்து ஆரம்பமாகும். அந்த வாத்தியார் எந்த ஊரில் ஆடுகிறார் என்று விசாரித்து வைத்திருக்கிறோம். பாயோடு போய் விடியுமட்டும் உட்கார்ந்திருக்க உத்தேசம். பிடித்ததா இல்லையா என்பதை அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். அதற்கு முன் அவரைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று பாக்கியிருக்கிறது.